ரிஸ்பாள் பேசிய வார்த்தை

"அந்த ஒரு வரிதானே, எடுத்துடேன்..."

"ஒரு வரியா? அதை உருவினா மீதி எல்லாம் எங்கே நிக்கும்? நீ கொஞ்சம் யோசிச்சு..."

"நிக்கலைன்னா உட்காரட்டும். வானமா இடிஞ்சு விழப்போகுது?"

"நாடகத்தோட உசிரே அதுலதான் இருக்குன்னு டீச்சரம்மா சொன்னாங்களே அக்கா, நீயும் பக்கத்துலதானே நின்ன?"

"உசிரு இருக்கிற வரி இன்னும் பத்து எழுது. உனக்கென்ன, வாயைத் திறந்தா கொட்டுது. இதை மட்டும் எடு."

"காரணம் சொல்லு, எடுக்கறேன்."

"காரணம் இல்லை. எடு."

துணி வெட்டும் மேஜைக்கு இந்தப் பக்கம் சின்னவள், அந்தப் பக்கம் பெரியவள். ஒருத்தி பேச்சு முடியுமுன் மற்றவள் பேச்சு அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பெரியவள், சின்னவள் என்பது மாமியார் கூப்பிட்ட பெயர். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. பெயர்கள் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன. சின்னவள் தனிக்குடித்தனம்; சொந்தமாகத் தையல்கடை. கணவன் கப்பலில் சமையல்காரன்; வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். பெரியவள் வீட்டில் சும்மா இருப்பவள் என்று பேர். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் தூக்கி, புரட்டி, கழுவி, ஊட்டி விட்டதெல்லாம் அந்தச் 'சும்மா'வுக்குள் அடக்கம்.

சண்டைக்குக் காரணமான வரி சின்னவள் எழுதிய நாடகத்தில் இருந்தது. சபையின் மாதர் சங்கத்து ஆண்டுக் கூட்டத்துக்கு ஏதாவது நாடகம் போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "நான் எழுதறேன், செய்யுளா எழுதறேன்" என்று சின்னவள் முந்திக்கொண்டாள். எடுத்துக்கொண்ட கதை பைபிளில் வரும் ரிஸ்பாளின் கதை. சவுல் ராஜாவுக்கு இரண்டாம் பெண்சாதி போல வாழ்ந்தவள். சவுல் செத்து, தாவீது பட்டத்துக்கு வந்தபின், சவுல் செய்த பழைய கொலைக்குப் பழி தீர்க்க அவன் வம்சத்தில் ஏழு பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். ஐந்து பேர் வேறொருத்தி பெற்றவர்கள். பிணங்களை அடக்கம் பண்ண ஆளில்லை. ரிஸ்பாள் மலையிலே பாறையின் மேல் சாக்குத்துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுப்புக்காலம் தொடங்கி மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் ஏழு உடம்பையும் தொடாமல் விரட்டினாள். வேதத்தில் அவள் வாய் திறந்து ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

அந்த வாயைத் திறந்து வைத்தவள் சின்னவள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை சொல்லி மாளாது.

எழுதிய விதமும் அவளே கண்டுபிடித்த வசதி. நடிப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெண்கள். உட்கார்ந்து மனப்பாடம் பண்ண யாருக்கு நேரம்? அதனால் அந்தாதியாகக் கட்டினாள். ஒரு வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ, அடுத்த வரி அந்தச் சொல்லில் தொடங்கும். ஒன்றின் வாலைப் பிடித்தால் அடுத்ததன் தலை கைக்கு வந்துவிடும். நடுவில் ஒன்றை உருவினால்தான் தொல்லை. பின்னால் வருவது எல்லாம் நூல் அறுந்த ஓரத்தையல் மாதிரி அவிழ்ந்து போகும்.

"காரணம் இல்லாம எடுக்க முடியாது அக்கா" என்று சொல்லிவிட்டு, மெஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.  பெரியவள் குனிந்து, பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் நுழைந்து வெளியே போனாள்.

ஒத்திகை தையல்கடையிலேயே நடந்தது. மாலையில் வாடிக்கையாளர்கள் போனபின் மேஜையைச் சுவரோரம் தள்ளுவார்கள். ஏழு பிணங்களைத் தரையில் கிடத்துவார்கள். பிணங்கள் என்றால், துணி உருளைகளை வெள்ளைத் துணியில் சுற்றி நடுவில் கயிறு கட்டியவை. உருளை போதாமல், தைக்க வந்த துணிகளையும் சுருட்டி உள்ளே வைத்திருந்தாள். ஒரு நாள் ஒருவர் பேண்ட் துணியைக் கேட்டு வந்து நின்றார்.

"உங்க துணி செத்துக் கிடக்குது சார். இன்னும் ஒரு வாரத்துல உயிர்த்தெழும், வாங்க" என்றாள் நடிக்க வந்திருந்த பேக்கரிக்காரி.

நாடகத்தில் காக்கையும் அவள்தான், நரியும் அவள்தான். ராஜாவின் தூதனாக டீச்சரம்மா. மீசை ஒட்டினால் தும்மல் வருகிறது என்று மீசை இல்லாத தூதன். ரிஸ்பாள், சின்னவளே. ஆரம்பத்தில் பேக்கரிக்காரி, "ரிஸ்பாளா பெரியவங்களைப் போடலாமே. நிஜத்துல அப்படி உட்கார்ந்து பார்த்தவங்க அவங்கதானே" என்று சொல்லத்தான் செய்தாள். "அக்காவுக்கு மேடைன்னா நடுக்கம்" என்று சின்னவள் முடித்துவைத்தாள். பெரியவளை யாரும் கேட்கவில்லை. பின்னால் நின்று வரி எடுத்துக் கொடுக்கிற வேலையை அவளிடம் விட்டார்கள்.

அவளும் ஒழுங்காகச் செய்தாள். கையில் தாள் இருக்கும், பார்க்க மாட்டாள். யார் தடுக்கினாலும் சொல் தயாராக வரும்.

"எப்படிங்க, பேப்பரைப் பார்க்காமலே சொல்றீங்க?" என்று டீச்சரம்மா கேட்டாள். "என் வகுப்புல ஒரு பிள்ளை இப்படி இருந்தா போதும், நான் நிம்மதியா ரிட்டயர் ஆவேன்."

"என்னமோ, ஒரு தடவை கேட்டா நின்னுடுது" என்றாள் பெரியவள்.

சண்டைக்கு மறுநாள் ஒத்திகையைப் பார்க்கப் பாஸ்டரம்மா வந்திருந்தாள். பாஸ்டரின் மனைவி, மாதர் சங்கத்துத் தலைவி. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சின்னவள் சாக்கை விரித்து ஏறி நின்றாள். சாக்கு உறுத்தாமல் இருக்க அடியில் பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்திருந்தாள். ரிஸ்பாளுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு தையல்காரி கிடைக்காமல் போனாளே என்று பேக்கரிக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தாள். பாஸ்டரம்மா முன்னால் சிரிக்கவில்லை.

சின்னவள் கையை உயர்த்திச் சொன்னாள்:

"பார்த்துப் பார்த்துக் கண் எரியுதே, பறவைக்கோ கண் மூடாது.
மூடாது கிடக்கும் வானே, முகம் கறுப்பது எப்போது?
எப்போதும் போல் விடிகிறது. என் மக்களே, சீக்கிரம்..."

அந்த இடத்தில் நின்றுபோனது. நேற்றைய சண்டை நினைவில் குறுக்கே வந்தது. பெரியவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினாள். துணி மாற்றும் மறைப்புக்குப் பின்னால் பெரியவளின் தோள் மட்டும் தெரிந்தது. அங்கிருந்து, வழக்கம் போல, தாமதம் இல்லாமல், தாழ்ந்த குரலில் வரி வந்தது.

"சீக்கிரம் முடிஞ்சு போ தாயே. நானும் கொஞ்சம் படுக்கணும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "தாயேவா! செத்தது பிள்ளைங்கம்மா, தாய் உயிரோட நிக்குது" என்றாள் பேக்கரிக்காரி. "போங்கள், படுக்க வேண்டும்" என்று டீச்சரம்மா திருத்தினாள்.

சின்னவள் சிரிக்கவில்லை. அந்தக் குரல் அவள் காதில் வேறு இடத்திலிருந்து விழுந்தது. மாமியார் படுக்கையில் கிடந்த நாட்களில், நூல்பெட்டி மேல் சாய்த்து வைத்த போன். ஸ்பீக்கரில் பெரியவளின் குரல். காலடியில் மெஷின் மிதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பழத்தோடு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது போக, மற்ற நாள் எல்லாம் போன்தான். பெரியவள் ஊட்டிக்கொண்டே பேசுவாள், துடைத்துக்கொண்டே பேசுவாள். இவள் ஓரம் அடித்துக்கொண்டே "உம்", "ஐயோ", "அப்படியா" என்பாள். கையில் துணி ஓடும். பேச்சு காதோடு ஓடும். ஓடியது எல்லாம் ஓடிப் போகவில்லை. கண் எரியுது என்றது அவள். விடியறது மட்டும் தவறாம விடியுது என்றது அவள். கை ஓங்கி ஓங்கி ஈ விரட்டித் தோள்பட்டை இறங்கிப் போச்சு என்றது அவள். 'ரிஸ்பாள் என் காதுல வந்து பேசறா' என்று கப்பலுக்குப் போன் போட்டுக் கணவனிடம் பீற்றிக்கொண்டது சின்னவளுக்கு நினைவு வந்தது. காதில் பேசியவள் யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் வாய் வரியைச் சொல்லி முடித்தது:

"சீக்கிரம் முடிந்து போங்கள், நானும் கொஞ்சம் படுக்க வேண்டும்.
வேண்டும் ஒரு மழை..."

பாஸ்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து அவள் இரண்டு கையையும் பிடித்தாள்.

"எங்கேயிருந்து வந்துச்சும்மா உனக்கு இது? பிள்ளையைப் பறிகொடுத்தவ வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை... யாராலயும் யோசிச்சு எழுத முடியாது."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் அமையாது. 'எங்க அக்காவோட வார்த்தைங்க' என்றால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: 'அவங்க யாரைப் பார்த்து அப்படிச் சொன்னாங்க?' பெரியவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடுகிறேன் என்று ஒரு மனசு சொன்னது. வாயை மூடியிருந்தால் அது உண்மையாகக்கூட இருந்திருக்கும்.

"ஜெபத்துல உட்கார்ந்திருந்தேன் பாஸ்டரம்மா. தானா வந்துச்சு."

மறைப்புக்குப் பின்னால் தாள் மடிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையிலேயே கடையைத் திறக்காமல் பெரியவள் வீட்டுக்குப் போனாள். மாமியார் கிடந்த அறையில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். பெரியவள் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எடுத்துடறேன்."

"எதை?"

"அந்த வரியை. இப்போ புரிஞ்சுடுச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"அது உன் வார்த்தைன்னு."

"நல்லவேளை. தெரிஞ்சேதான் எழுதினியோன்னு நினைச்சேன்."

"சத்தியமா தெரியாது அக்கா."

"ஜெபத்துல வந்துச்சுன்னியே, அதுவும் சத்தியமா?"

சின்னவள் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடிக்க அவளுக்கா தெரியாது? அன்று ஓரத்தோடு ஓரம் சேரவில்லை.

"மத்த வரியெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பெரியவள். "கண் எரியறது, கை வலிக்கிறது... யாருக்குத்தான் வலிக்கலை? இது ஒண்ணுதான். இதை நான் ஒரு நாள் சொன்னதில்லைடி. தினம் சொல்லியிருக்கேன். ஒரு நாள் விடியக்காலையில அத்தைக்கு முதுகுப் புண்ணைத் துடைச்சுட்டு இருக்கேன், வாய் அதுபாட்டுக்கு முணுமுணுக்குது. உங்க அத்தான் வாசல்ல வந்து நின்னுட்டார். 'என்ன சொல்ற?'ன்னார். எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. 'ஜெபம் பண்றேன்'னு சொல்லிட்டேன்."

"அத்தான் நம்பிட்டாரா?"

"நம்பினாரா? கண் கலங்கிட்டார். அன்னையிலிருந்து ஒருத்தரை விட்டு வைக்கலை. டிப்போவுல பஸ்ஸுக்கு அடியில படுத்துட்டு ஸ்பேனர் பிடிக்கும்போதும் அதே கதைதான். 'என் பொண்டாட்டி ஜெபம் பண்ணிக்கிட்டே எங்கம்மாவைப் பார்த்தா, ஒரு நாள் முகம் சுளிக்கலை'ன்னு. கேட்கக் கேட்க எனக்குக் கூசும். நிறுத்துங்கன்னு சொல்லவும் மனசு வராது. இந்த வீட்டுல எனக்குன்னு கிடைச்ச நல்ல பேரு அது ஒண்ணுதான். அவர் முன்வரிசையில வந்து உட்காருவார். அந்த வார்த்தை காதுல விழுந்தா, நான் என்ன ஜெபம் பண்ணினேன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சுடும்."

"விழாது அக்கா. நான் இருக்கேன்ல. விழாது."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள். "டீ குடிக்கிறியா?"

வரியை மாற்றுவதும் லேசாக இல்லை. 'சீக்கிரம்' என்று தொடங்க வேண்டும், 'வேண்டும்' என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி அறும். காஜா எடுக்கும்போதும் பொத்தான் தைக்கும்போதும் முனகி முனகிப் பார்த்துக் கடைசியில் ஒன்றைப் பிடித்தாள்: 'சீக்கிரம் மழை வரட்டும், தேவ தயை எனக்கு வேண்டும்.'

"இது காலண்டர்ல போடற வரி மாதிரி இல்லே இருக்கு?" என்றாள் பேக்கரிக்காரி. "நான் நரி. எனக்கே முன்னாடி இருந்த வரியில அழுகை வந்துச்சு. இதைக் கேட்டா, வாலை ஆட்டிட்டுப் போகத்தான் தோணுது."

டீச்சரம்மாவும் உதட்டைப் பிதுக்கினாள். "ஏம்மா மாத்தின?"

"பழசு கொஞ்சம் அதிகமா இருந்துச்சு" என்றாள் சின்னவள். சொன்னபோது நெஞ்சில் ஒரு நிறைவு. தன் நாடகத்தின் உயிரையே எடுத்துக் கொடுத்துவிட்டோம், இதைவிட ஒருத்திக்கு என்ன செய்ய முடியும் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஆண்டுக் கூட்டத்தன்று மாலை, சபையின் கூட்ட அறை நிறைந்திருந்தது. நாலு மேஜைகளைச் சேர்த்துச் சாம்பல்நிறத் துணி போர்த்தியது பாறை. அதற்குக் கீழே ஏழு பிணங்கள் வரிசையாக. அத்தான் முன்வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச்சட்டையில், பக்கத்து நாற்காலிக்காரரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

நாடகம் நன்றாகவே போனது. டீச்சரம்மா தூதனாக வந்து, மீசை இல்லாமலே மிரட்டினாள். பேக்கரிக்காரி நரியாகத் தவழ்ந்து வந்தபோது அவள் மகள் கூட்டத்திலிருந்து "அம்மா!" என்று கத்த, நரி ஒரு கணம் நின்று முறைத்துவிட்டு மறுபடியும் நரியானது. சிரிப்பு அடங்கியதும் சின்னவள் பாறை மேல் ஏறிச் சாக்கை விரித்தாள்.

"பார்த்துப் பார்த்துக் கண் எரியுதே..."

சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல முகங்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின. தைத்த துணியை இடுப்பில் இறுக்குகிறது, தோளில் தொங்குகிறது என்று குறை சொல்ல மட்டுமே வாய் திறக்கிற முகங்கள். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவள் வாயைப் பார்த்து மூச்சை அடக்கியதை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

"எப்போதும் போல் விடிகிறது. என் மக்களே, சீக்கிரம்..."

நிறுத்தினாள். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். எழுதும்போதே வைத்த நிறுத்தம். பக்கத் திரைக்குப் பின்னால் பெரியவள் நின்றாள். நிறுத்தம் கொஞ்சம் நீண்டதும், மறந்துவிட்டாளோ என்று அவள் மெல்ல எடுத்துக் கொடுத்தாள்: "சீக்கிரம் மழை வரட்டும்..."

கேட்டது. தெளிவாகவே கேட்டது. சின்னவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். பெரியவளின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. காலண்டர் வரியைச் சொன்னால் இத்தனை மூச்சும் சும்மா வெளியே போய்விடும்; நாற்காலிகள் நகரும்; யாராவது இருமுவார்கள். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"சீக்கிரம் முடிந்து போங்கள், நானும் கொஞ்சம் படுக்க வேண்டும்."

யாரோ ஒரு கிழவி வாய்விட்டு "ஐயோ" என்றாள். அதன் பிறகு விசும்பல்கள். முன்வரிசையில் அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கழற்றிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மீதி நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்டால் சின்னவளுக்குச் சொல்லத் தெரியாது. பேக்கரி டிரேயில் பொத்தான்களைக் கொட்டிக் குலுக்கி மழை பெய்தது. ராஜாவின் ஆட்கள் வந்து ஏழு பேரையும் எடுத்துப் போனார்கள். கைதட்டல் ஓயவில்லை. பாஸ்டரம்மா மைக்கை வாங்கி, "இந்த வார்த்தைகள் நம்ம சகோதரிக்கு ஜெபத்துல கிடைச்சது" என்றாள். சின்னவள் கைகூப்பி நின்றாள். காது மடல் இரண்டும் நெருப்பாகக் காந்தின. கூட்டத்தில் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல், தான் தைத்த சாக்கின் லைனிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் பெரியவள் வெள்ளைத் துணியை அவிழ்த்துத் துணி உருளைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரியும் டீச்சரம்மாவும் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்கள். சின்னவள் உள்ளே வந்த கையோடு அத்தானும் வாசலில் வந்து நின்றார்.

"அந்த வரி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அது யாரு சொன்னது?"

"நான்தான் அத்தான். நான் எழுதினது" என்றாள் சின்னவள் அவசரமாக. இந்தத் தடவை பெரியவளுக்காகவே சொன்னாள். ஆனாலும் வாயில் அதே ருசிதான். தனதில்லாததைத் தனது என்று சொல்கிற ருசி.

அத்தான் அவளைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார்.

பெரியவள் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி முடித்தாள். "நான் சொன்னது" என்றாள். "அத்தைகிட்டே சொன்னது."

"ஜெபம்னு சொன்னே."

"ஆமா. சொன்னேன்."

"இதுதான் அந்த ஜெபமா?"

"இதுதாங்க."

 அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். "நான் டிப்போவுல எல்லார்கிட்டேயும்..." என்றவர், அதையும் முடிக்காமல் படியிறங்கிப் போனார். வெளியே யாரோ அவர் கையைப் பிடித்து நாடகத்தைப் புகழ்வது கேட்டது. அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

"அக்கா, வாய் தவறிடுச்சு" என்றாள் சின்னவள்.

"தவறலை."

"பழக்க தோஷத்துல..."

"தவறலைடி. நான் எடுத்துக் கொடுத்தேன். உன் காதுல விழுந்துச்சு. என்னைத் திரும்பிப் பார்த்த. பார்த்துட்டுத்தான் சொன்ன."

சின்னவள் சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மன்னிச்சுடு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதுவும் நாடகத்து வரி மாதிரியே இருக்குமோ என்று பயந்து விழுங்கினாள். பெரியவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. கன்னத்தில் ஒன்று வைத்தாலும் தேவலை. பெரியவள் கடைசி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது யாருடைய பேண்ட் துணியோ. அதை உதறி, நாலாக மடித்து, அவள் மடியில் வைத்தாள்.

"அவர்கிட்டே நான் பேசிக்கிறேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பார், அப்புறம் பசிச்சா வந்து உட்காருவார். அதை விடு."

"அக்கா..."

"எனக்கு வேற ஒண்ணு புரியலை. போன்ல நான் பேசினது உனக்குக் காதுலயே விழலைன்னுதான் இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன். மெஷின் சத்தம், கடைக்கு ஆளு வர்ற சத்தம். பாவம், அவளுக்கும் வேலைன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்போ பார்த்தா ஒரு எழுத்துப் பிசகாம எல்லாத்தையும் கேட்டிருக்க." பெரியவள் மடித்த வெள்ளைத் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாம் காதுல விழுந்துதான் இருந்துச்சுன்னா, அன்னைக்கே நீ ஏன்டி கடையைப் பூட்டிட்டு வரலை?"